பதினைந்து அங்குலம் போதும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் எண்ணெய் மாற்றுவதற்கு முன்பே சக்கரத்தை மாற்றிவிடுகிறார்கள். எங்கோ ஒரு புகைப்படத்தில் ஓர் அலாய் சக்கரத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். அது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அதற்கு ஏற்ற டயரைத் தேடுகிறார்கள். டயரும் வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து மட்கார்டுக்குள் நுழையுமா என்ற கவலை பிறக்கிறது. அந்தக் கட்டத்தில் என்னிடம் வருவார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குடியிருந்துகொண்டு, பல ஆண்டுகளாக முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி மட்டும் எப்படியோ என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

இந்த முறை கொண்டுவந்தவன் லெஸ்டரில் இருக்கும் என் அக்கா மகன். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1992ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கியிருந்தான். எம்எக்ஸ்-5 ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றது. முந்தைய உரிமையாளர் அதில் 17 அங்குலச் சக்கரங்களை மாட்டி, 205/40 ஆர் 17 டயர் போட்டிருந்தார். டயர்கள் வெடிப்பு விட்டுக் கிடந்தன.

"மாமா, இதே அளவில் நல்ல டயர் எது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றான்.

"இந்தச் சக்கரத்தை விற்றுவிடு மாப்பிள்ளை, அதுதான் நல்ல டயர்" என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத் தணிப்பதற்காகச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கார் பிறந்தபோது அதன் காலில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா இதை வெளியிட்டது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான வண்டி. 1960களின் லோட்டஸ் எலான் போன்ற சிறிய, திறந்த, எடை குறைந்த பிரிட்டிஷ் கார்களின் குணத்தை, ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் ஒரு காரில் கொண்டுவருவதுதான் நோக்கம். 1.6 லிட்டர் எஞ்சின். ஜப்பான் மாடலின் எடை 940 கிலோ. நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. இந்தச் செலவையெல்லாம் செய்த கம்பெனி, சக்கரத்துக்கு வந்தபோது 14 அங்குல விட்டமும் ஐந்தரை அங்குல அகலமும் போதும் என்று நிறுத்திக்கொண்டது. டயர் 185/60 ஆர் 14.

சிக்கனத்துக்காக அப்படிச் செய்தார்கள் என்று என் மருமகன் நினைத்தான். அந்த அலாய் சக்கரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஏழு கம்பிகள் கொண்ட, பழைய மினிலைட் சக்கரத்தின் சாயலுள்ள அது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோதான். கவர்ச்சிக்காக வார்க்கப்பட்ட இன்றைய 17 அங்குலச் சக்கரங்கள் பலவும் இதைவிடப் பல கிலோ கூடுதல். மாஸ்டாவின் பொறியாளர்கள் கிராம் கிராமாக எண்ணிய இடம் அது.

185/60 ஆர் 14 என்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 111 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எண்ணில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்தவர்களை என்ன சொல்வது. ரிம்மின் 355.6 மில்லிமீட்டரோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த மாற்று அளவையும் முதலில் இதோடு ஒப்பிட வேண்டும்.

ஏனென்றால் ஸ்பீடோமீட்டர், கியர், மட்கார்டின் உள்ளிடம், காரின் உயரம் எல்லாமே இந்த விட்டத்தை நம்பியிருக்கின்றன. 195/50 ஆர் 15 போட்டால் விட்டம் 576. ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறைவு. காருக்குத் தெரியவே தெரியாது. 205/50 ஆர் 15 என்றால் 586, ஒன்றரை சதவீதம் கூடுதல். 195/45 ஆர் 16 கிட்டத்தட்ட 582, மோசமில்லை. 205/45 ஆர் 16 கிட்டத்தட்ட 591. மருமகனின் 205/40 ஆர் 17 கிட்டத்தட்ட 596. மூன்று சதவீதத்துக்கு மேல்.

மூன்று சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1.6 லிட்டர் மாடலில், கியர்பாக்ஸுக்குப் பிறகு பின்சக்கரங்களுக்கு விசை போகும் இடத்தில் இருக்கும் இறுதிக் கியரின் (ஃபைனல் டிரைவ்) விகிதம் 4.3. விட்டம் மூன்று சதவீதம் கூடினால் அது 4.17 போல நடந்துகொள்ளும். இருக்கிற குதிரைத்திறன் ஏறத்தாழ 120. அதிலும் பாதி எஞ்சினை அலறவிட்டால்தான் கிடைக்கும். அந்த வண்டியில் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் கொஞ்சம் சோம்பலாகும். ஸ்பீடோமீட்டர் 70 மைல் காட்டும்போது சக்கரம் 72 மைலுக்கு உருளும். பிரிட்டனில் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது சட்டம். தொழிற்சாலையில் வைக்கும்போதே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். ஆனால் இறக்குமதி கார்களில் கிலோமீட்டரை மைலாக்கும் கருவி ஒன்று இடையில் உட்கார்ந்திருக்கும். அது எவ்வளவு நேர்மையானது என்று யாருக்குத் தெரியும்.

இதெல்லாம் கணக்கு. கணக்கைவிட எனக்கு முக்கியமானது பக்கச்சுவர்.

மூல டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். 17 அங்குலத்தில் அது 82. மூன்று சென்டிமீட்டர் ரப்பரை இழந்துவிட்டு, அந்த இடத்தை உலோகத்தால் நிரப்புகிறோம். பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். சாலையின் சிறிய நடுக்கங்களை, சஸ்பென்ஷன் உணர்வதற்கு முன்பே அது விழுங்கிவிடுகிறது. 1989இல் அந்தக் காரின் ஸ்பிரிங்குகளையும், அவற்றின் துள்ளலை அடக்கும் டாம்பர்களையும், இணைப்புகளில் வரும் ரப்பர் புஷ்களையும் தேர்ந்தெடுத்தவர்கள், 111 மில்லிமீட்டர் ரப்பர் கீழே இருக்கிறது என்று நம்பித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதை எடுத்துவிட்டால் அவர்கள் போட்ட கணக்கில் ஓர் உறுப்பு காணாமல் போகிறது.

கூரை உள்ள காராக இருந்தால் கூடச் சமாளிக்கும். எம்எக்ஸ்-5க்குக் கூரை இல்லை. கூரை இல்லாத உடல் எவ்வளவுதான் பலப்படுத்தினாலும் கொஞ்சம் முறுக்கும். மோசமான சாலையில் முன்கண்ணாடியின் சட்டமும் ஸ்டீரியரிங் தண்டும் டேஷ்போர்டும் தனித்தனியாக நடுங்குவதை உட்கார்ந்திருப்பவர் பார்க்கலாம். மெல்லிய பக்கச்சுவர் இந்த நடுக்கத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். மருமகனின் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பின்காட்டும் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று அடையாளம் தெரியவில்லை, அப்படி அதிர்ந்தது. "கார் பழசாகிவிட்டது, உடல் தளர்ந்துவிட்டது" என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். என் காரிலிருந்து முன்பு கழற்றி வைத்திருந்த 14 அங்குலச் சக்கரங்களை ஒரு வார இறுதிக்கு அவனுக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்து, உடல் தளரவில்லை மாமா என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தன்மானம் உள்ள பையன்.

நாங்கள் இருவரும் ஓட்டுகிற சாலைகள் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச் சாலைகள். கிளாசப்பிலிருந்து ஷெஃபீல்டு பக்கம் போகும் ஸ்நேக் பாஸ், மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டனுக்கு ஏறும் கேட் அண்ட் ஃபிடில். அழகான வளைவுகள், அலங்கோலமான தார். ஸ்நேக் பாஸில் 2022 பிப்ரவரிப் புயல்களுக்குப் பிறகு மண் சரிந்து சாலையே சில இடங்களில் இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நடு வளைவில் ஒரு மேடு வந்தால், உயரமான பக்கச்சுவர் உள்ள டயர் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும். மெல்லிய டயர் துள்ளும். துள்ளுகிற டயருக்கு விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் அந்த நொடியில் பிடிப்பு என்பதே கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும் செலவு தனி.

அடுத்தது எடை. அவனுடைய சக்கரத்தையும் என்னுடையதையும் டயரோடு குளியலறைத் தராசில் நிறுத்தோம். ஒரு மூலைக்கு ஆறு கிலோவுக்குக் குறையாத வித்தியாசம். காரின் டிக்கியில் இருபத்து நான்கு கிலோ அரிசி மூட்டை வைத்தால் எவருக்கும் பெரிதாகத் தெரியாது. சக்கரத்தில் வைத்தால் ஏன் தெரிகிறது? இரண்டு காரணங்கள். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. மேடு வரும்போது அதை மேலே தூக்கவும், பிறகு கீழே கொண்டுவரவும் டாம்பர் படாதபாடு பட வேண்டும். இன்னொன்று, அது சுழல்கிறது. முன்னோக்கித் தள்ளுவது போதாது, சுழற்றவும் வேண்டும். ரிம்மின் ஓரத்தில் இருக்கிற ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோவாகக் கணக்காகும். டயரின் தரைதொடும் பகுதியில் இருக்கிற ஒரு கிலோ, ஏறத்தாழ இரண்டு கிலோ. பிரேக் பிடிக்கும்போதும் இதே கணக்குதான். பெரிய சக்கரத்தில் உலோகம் மையத்திலிருந்து இன்னும் விலகிப் போவதால் இரட்டைத் தண்டனை.

மாஸ்டாவே இந்தப் பாதையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 15 அங்குலச் சக்கரமும் 195/50 டயரும் வந்தன. பிறகு 16 அங்குலம். மூன்றாம் தலைமுறையில் ஐந்து போல்ட்டும் 17 அங்குலமும். 2015இல் நான்காம் தலைமுறையை வடிவமைத்தபோது எடையைக் குறைத்தே தீருவது என்று உட்கார்ந்து, மறுபடியும் நான்கு போல்ட்டுக்கு வந்தார்கள். அடிப்படை மாடலுக்கு 195 அகலத்திலேயே 16 அங்குல டயர் போட்டார்கள். இருபத்தாறு ஆண்டு முன்னேற்றத்துக்குப் பிறகு வெறும் பத்து மில்லிமீட்டர் அகலம் கூட்டியிருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது மருமகன், "அந்த மாடலிலேயே 17 அங்குலமும் விற்கிறார்களே மாமா" என்றான். விற்கிறார்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்களே.

அகலத்தைப் பற்றித்தான் மிக அதிகமான மூடநம்பிக்கை நிலவுகிறது. டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு அதே அளவுக்குக் கூடும் என்று நினைக்கிறார்கள். டயர் தாங்கும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் வைத்தே அந்தப் பரப்பு பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஓட்டுநரோடு ஆயிரம் கிலோ என்று வைத்தால் ஒரு டயருக்கு 250 கிலோ. மாஸ்டா சொன்ன அழுத்தம் 26 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் சுமார் 137 சதுர சென்டிமீட்டர். நம் ஊர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது. அகலமான டயர் போட்டால் இந்த அட்டை குறுக்காகத் திரும்பிப் படுக்கிறது, அட்டை பெரிதாவதில்லை. குறுக்காகப் படுப்பதால் வளைவுகளில் கொஞ்சம் லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு விலையாக, தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. எடை குறைந்த கார், அகலமான டயர், ஆண்டு முழுவதும் மழை பெய்கிற நாடு. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் ரசனையைப் பற்றியது. இங்கே நீங்கள் என்னோடு உடன்பட வேண்டியதில்லை. இந்தக் காரின் சுகமே, அதன் எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சாதாரண வேகத்திலேயே காட்டிவிடுவதுதான். ஈரமான ரவுண்டானாவில் முப்பது மைல் வேகத்தில் பின்பக்கம் லேசாக அசைந்து, ஸ்டீரியரிங்கைக் கொஞ்சம் திருப்பியதும் அடங்கி, ஓட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற வண்டி அது. அதற்கு 205 அகலத்தில் பந்தயத் தரமான ரப்பரை மாட்டினால் எல்லை மேலே போய்விடும். அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் உரிமத்தை இழக்கும் வேகத்தில் போக வேண்டும். எல்லையைத் தாண்டும்போதும் மெதுவாகச் சொல்லாது, திடீரென்று சொல்லும். போதாததற்கு அத்தகைய ரப்பர் சூடேறினால்தான் வேலை செய்யும். ஆயிரம் கிலோ வண்டி நவம்பர் மாதச் சாலையில் அதைச் சூடாக்கவே முடியாது. பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்களின் தேவை வேறு. அங்கே அவர்களுக்கு அகலம் வேண்டும். அமெரிக்காவில் இந்தக் காருக்கென்றே நடக்கும் ஸ்பெக் மியாட்டா பந்தயத்தில் 205/50 ஆர் 15 டயரும் ஏழு அங்குல அகல ரிம்மும்தான் விதி. பந்தயக்காரர்களுக்கே 15 அங்குலம் போதுமாக இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

சரி, 15 அங்குலம் என்று முடிவு செய்தாகிவிட்டது. எந்தச் சக்கரம்? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

எம்எக்ஸ்-5க்கு நான்கு போல்ட். அவை 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. இது உலகத்தில் மிகச் சாதாரணமான அளவு. பழைய ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப், ஹோண்டா சிவிக், பிஎம்டபிள்யூ ஈ30, நம் ஊர் மாருதி சுவிஃப்ட் எல்லாவற்றிலும் இதே நான்கு, இதே நூறு. அதனால் எந்தச் சக்கரமும் மாட்டிக்கொள்ளும் என்ற மயக்கம் வருகிறது. மாட்டிக்கொள்ளும், பொருந்தாது. நடுத்துளையின் விட்டம் மாஸ்டாவுக்கு 54.1 மில்லிமீட்டர், கோல்ஃபுக்கு 57.1, சிவிக்குக்கு 56.1. துளை பெரிதாக இருந்தால் சக்கரம், அது மாட்டும் மையப்பகுதியான ஹப்பின்மேல் சரியாக உட்காராமல், நட்டுகளை இறுக்கும்போது மயிரிழை விலகி நிற்கலாம். பிறகு அறுபது மைலில் ஸ்டீரியரிங் நடுங்கும். கடைக்காரர் மறுபடி மறுபடி பேலன்ஸ் செய்து பணம் வாங்கிக்கொண்டே இருப்பார். இடைவெளியை நிரப்ப ஹப் வளையங்கள் கிடைக்கின்றன, மலிவுதான். போடுங்கள். நட்டின் கூம்பு 60 பாகையா, உருண்டையா என்பதையும் பார்க்க வேண்டும். மாஸ்டாவுக்குக் கூம்பு. தவறான நட்டு இறுகியதுபோல நடிக்கும்.

அடுத்து ஆஃப்செட். போல்ட் இறுகும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் அது. சக்கரத்தின் உட்புறத்தில் ஈடி 45, ஈடி 40 என்று பொறித்திருக்கும். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். தொழிற்சாலைச் சக்கரம் ஐந்தரை அங்குலம், ஈடி 45. அகலத்தின் பாதி சுமார் 70 மில்லிமீட்டர். அதில் 45ஐக் கழித்தால், ரிம் ஹப்பிலிருந்து 25 மில்லிமீட்டர் வெளியே நீட்டுகிறது. கூட்டினால் 115 மில்லிமீட்டர் உள்ளே போகிறது. மருமகனின் சக்கரம் ஏழு அங்குலம், ஈடி 38. பாதி 89. வெளியே 51, உள்ளே 127. அதாவது தொழிற்சாலை வைத்த இடத்தைவிட 26 மில்லிமீட்டர் வெளியேயும் 12 மில்லிமீட்டர் உள்ளேயும் போய்விட்டது. பின் மட்கார்டின் மடிப்பில் டயர் உரசிய தடம் பளபளவென்று இருந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இந்தக் கணக்கைப் போடப் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் போதும். ஆனால் அந்தச் சக்கரத்தை விற்றவர் "எம்எக்ஸ்-5க்கு அப்படியே பொருந்தும்" என்று எழுதித்தான் விற்றிருக்கிறார்.

உரசல் கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. தெரியாத தொல்லை ஸ்டீரியரிங்கில் இருக்கிறது. முன்சக்கரம் திரும்பும்போது ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் மிகக் கவனமாக வைத்திருப்பார்கள். சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தத் தூரம் கூடும். நிறுத்துமிடத்தில் ஸ்டீரியரிங் கனக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கையைப் பிடித்து இழுக்கும். பவர் ஸ்டீரியரிங் இல்லாத ஆரம்ப கால மாடல்களில், சாலை ஓட்டுகிறவரோடு பேசுவதுதான் அந்த ஸ்டீரியரிங்கின் புகழ். இப்படிச் செய்தால் பேசாது, கத்தும். ஈடி 20 சக்கரங்களை வாங்கிக் கன்னம் உப்பியது போல் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் அந்தக் காரை எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆஃப்செட் எவ்வளவு வஞ்சகமானது என்பதற்கு போர்ஷே 944ஐச் சொல்ல வேண்டும். அதே பெயர், அதே உடல், அதே ஐந்து போல்ட். ஆனால் 1987 மாடலிலிருந்து சஸ்பென்ஷன் வடிவத்தை மாற்றியதால் சக்கரத்தின் ஆஃப்செட் ஈடி 23லிருந்து ஈடி 52க்கு அருகே தாவிவிட்டது. ஆண்டு பார்க்காமல் சக்கரம் வாங்கினால் ஒன்று மட்கார்டை விட்டு வெளியே நிற்கும், அல்லது உள்ளே பதுங்கிவிடும். டாட்சன் 240இசட்டில் வேறு பிரச்சினை. தொழிற்சாலைச் சக்கரம் நாலரை அங்குல அகலம்தான், டயர் 175. அகலமாக ஏதாவது போடலாம் என்று போனால் உட்புறத்தில் பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு வழிமறிக்கும். ஒவ்வொரு பழைய காருக்கும் இப்படி ஒரு ரகசிய முட்டுச்சந்து உண்டு. சக்கரம் வாங்குவதற்கு முன் அது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எம்எக்ஸ்-5க்கு எளிதான விடையை மாஸ்டாவே செய்து வைத்திருக்கிறது. இரண்டாம் தலைமுறையின் 15 அங்குலச் சக்கரம்: ஆறு அங்குல அகலம், ஈடி 40, அதே நான்கு போல்ட், அதே நடுத்துளை, அதே நட்டு. முதல் தலைமுறைக் காரில் மாட்டினால் வெளியே 11 மில்லிமீட்டர் கூடும், உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. எதுவும் எதிலும் உரசாது. 195/50 ஆர் 15 டயருக்கு ஆறு அங்குல ரிம் கச்சிதம். பழைய உதிரிப்பாகக் கடைகளில் நான்கு சக்கரங்களும் ஒன்றாகவே கிடைக்கின்றன. என் காரில் இருப்பது இதுதான். பார்க்கிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அப்படியானால் 14 அங்குலத்திலேயே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஓட்டுவதற்கு அதுதான் எனக்கும் பிடித்தது. சிக்கல் டயர் கடையில். 185/60 ஆர் 14 ஒரு காலத்தில் குடும்பக் கார்கள் பலவற்றின் அளவு. அந்தக் கார்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. இன்று அந்த அளவில் கிடைப்பவை பெரும்பாலும் நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்த டயர்கள். ஸ்டீரியரிங் துல்லியத்துக்காகச் செய்தவை மிகச் சில. இது மாஸ்டாவுக்கே தெரிந்த பிரச்சினை. 2017இல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தபோது, மூல டயர்களில் ஒன்றான பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325ஐ அதே 185/60 ஆர் 14 அளவில் மறுபடி தயாரிக்க வைத்தார்கள். ஒரு கார் நிறுவனம் தன் பழைய காரின் டயரை மீட்டெடுக்கப் பாடுபடுகிறது என்றால், அந்த டயர் அளவில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்றுதானே பொருள். 15 அங்குலத்தில் இந்தப் பஞ்சம் இல்லை. சாதாரணச் சாலை டயர் முதல் யோகோஹாமா ஏடி08, டோயோ ஆர்888ஆர் போன்ற பந்தயத் தள டயர்கள் வரை 195/50இல் வாங்கலாம். நான் 15க்குப் போனதற்குக் காரணம் இந்தக் கடை நிலவரம் மட்டும்தான்.

இன்னும் சிறு விஷயங்கள் சில. பக்கச்சுவரில் 82 என்று ஓர் எண் இருக்கும். ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள். இவ்வளவு சிறிய காருக்கு அது தாராளம். பெரிய பிரேக் மாற்றும் எண்ணம் இருந்தால் சக்கரம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். 1.6 மாடலின் 235 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கும் 1.8 மாடலின் 255 மில்லிமீட்டர் டிஸ்க்கும் 14 அங்குலத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் 15 வேண்டியிருக்கும். பிரிட்டனில் சக்கர அளவை மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டவர்கள் விபத்துக்குப் பிறகு படும் பாட்டை எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரை.

டயரின் வயதைப் பார்க்க மறக்கக் கூடாது. இந்தக் கார்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறவை. டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பள்ளக்கோடுகள் ஆழமாக இருக்கின்றனவே என்று ஏமாறுவார்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தையது. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டயர்களை லாரி, பஸ்களின் முன் அச்சில் போடுவதற்கு பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல் தடை. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. நான் ஏழெட்டு ஆண்டுக்கு மேல் வைப்பதில்லை.

மருமகன் 17 அங்குலச் சக்கரங்களை விற்று, இரண்டாம் தலைமுறைச் சக்கரங்களை வாங்கிவிட்டான். விற்ற பணத்தில் புது டயரும் நான்கு சக்கரங்களின் அலைன்மென்ட்டும் முடிந்தன. டயர் மாட்டிய கடையில் பழக்க தோஷத்தில் காற்றை 34 பி.எஸ்.ஐ. வைத்து அனுப்பியிருந்தார்கள். இன்றைய ஒன்றரை டன் கார்களுக்கு வைக்கிற காற்று அது. எடை குறைந்த காருக்கு அவ்வளவு வைத்தால், பக்கச்சுவரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீண். வீட்டுக்கு வந்ததும் டயர் ஆறும் வரை காத்திருந்து 26க்கு இறக்கச் சொன்னேன். "காற்று குறைவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்களே மாமா" என்றான். ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த மஞ்சளாகிப் போன ஜப்பானிய ஸ்டிக்கரைக் காட்டினேன். எழுத்து இருவருக்கும் புரியவில்லை, எண் புரிந்தது.